கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல், மூட்டுக்குள் ஊசி: முடிவெடுப்பது முதல் ஓராண்டு வரை

“ஸ்டெம் செல் ஊசி” என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் புழங்குகின்றன. மூன்றும் உடம்பின் கொழுப்பிலிருந்துதான் வருகின்றன. ஆனால் ஒன்றுக்கு நடந்த ஆய்வைக் காட்டி இன்னொன்றைப் போடுவது சர்வ சாதாரணம். முழங்கால் தேய்மானத்துக்கு இந்த சிகிச்சையை யோசிப்பவர் முதலில் இந்த மூன்றையும் பிரித்தறிய வேண்டும். மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலாவது நுண்துணுக்குக் கொழுப்பு. உறிஞ்சி எடுத்த கொழுப்பை உப்புநீரில் அலசி, எண்ணெயையும் ரத்தத்தையும் கழித்துவிட்டு, சல்லடை வழியாகத் தள்ளியோ உலோகக் குண்டுகள் போட்ட மூடிய உருளையில் குலுக்கியோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்குகளாக உடைப்பார்கள். என்சைம் எதுவும் சேராது. ஒரே அமர்வில் வேலை முடியும். செல்கள் துணுக்குக்குள்ளேயே தங்கிவிடுவதால், எத்தனை செல் உள்ளே போனது என்று ஊசி போடுவதற்கு முன் யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

இரண்டாவது எஸ்.வி.எஃப். (ஸ்ட்ரோமல் வாஸ்குலர் ஃபிராக்ஷன்). கொலாஜினேஸ் என்ற என்சைமால் கொழுப்பைக் கரைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் அடியில் ஒரு படிவு நிற்கும். அந்தப் படிவில் ரத்தநாளச் சுவரின் செல்கள், வெள்ளணுக்கள், மேக்ரோஃபேஜ்கள் (கிருமியையும் கழிவையும் விழுங்கும் செல்கள்) என்று பல வகை கலந்திருக்கும். ஸ்டெம் செல் அதில் ஒரு சிறு பங்குதான். இதுவும் ஒரே நாளில் முடியும்.

மூன்றாவது வளர்ப்புச் செல். அதே படிவை ஆய்வகத்தில் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டவைத்து, இரண்டு முதல் நான்கு வாரம் வளர்த்துப் பெருக்கி, ஸ்டெம் செல் மட்டும் மிஞ்சும்படி செய்வது. நோயாளி இரண்டு முறை வர வேண்டும்: கொழுப்பு கொடுக்க ஒருமுறை, ஊசிக்கு ஒருமுறை.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 100 மி.லி. கொழுப்பிலிருந்து எஸ்.வி.எஃப் பிரித்தால் சுமாராக 3 முதல் 5 கோடி உட்கருவுள்ள செல்கள் கிடைக்கும். அவற்றில் நூற்றுக்கு ஒன்று முதல் பத்து வரை ஸ்டெம் செல் என்று கொண்டால், கைக்கு வருவது 3 லட்சம் முதல் 50 லட்சம். வளர்ப்புச் செல் ஆய்வுகளில் ஒரு முழங்காலுக்குப் போட்ட அளவு 10 கோடி வரை. “ஐந்து கோடி செல் போடுகிறோம்” என்று சொன்னால், அது மொத்தச் செல்லா, ஸ்டெம் செல்லா என்று கேளுங்கள். பதில் சொல்பவர் தடுமாறினால், எந்தச் சரக்கை விற்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை என்று பொருள்.

எலும்பு மஜ்ஜையை விட்டுக் கொழுப்புக்கு வந்த காரணமும் எண்ணிக்கைதான். மஜ்ஜையில் ஒரு லட்சம் செல்லுக்கு ஒன்று முதல் பத்து ஸ்டெம் செல்தான் தேறும். கொழுப்பில் அந்த விகிதம் பல மடங்கு அதிகம், எடுப்பதும் சுலபம். பாட்ரிசியா ஸுக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001-ல் இதை வெளியிட்ட பிறகுதான் லைபோசக்‌ஷனில் வடித்துக் கொட்டிய கொழுப்புக்கு மதிப்பு வந்தது.

எதை எதிர்பார்க்கலாம்

தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி முளைக்கும் என்று நினைத்து இந்த ஊசிக்குப் போகாதீர்கள். உள்ளே போன செல்களில் பெரும்பகுதி சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் காணாமல் போய்விடுகிறது. அவை அங்கேயே குடியிருந்து குருத்தெலும்பாக மாறுவதில்லை. இருக்கும் வரை அழற்சியைத் தணிக்கும் புரதங்களைச் சுரக்கின்றன. மூட்டுச் சவ்வில் உள்ள மேக்ரோஃபேஜ்களின் போக்கை மாற்றுகின்றன. வலி குறைவது இந்த வழியில்தான். “மெசன்கைமல் ஸ்டெம் செல்” என்ற பெயரை 1991-ல் பரப்பிய ஆர்னால்ட் கேப்லனே, 2017-ல் அந்தப் பெயரை மாற்றச் சொன்னார். இவை திசுவாக மாறும் செல்கள் என்பதைவிட, சமிக்ஞை அனுப்பும் செல்கள் என்பதே சரி என்றார். பெயரை வைத்தவரே சொல்லியும் விளம்பரப் பலகைகளில் பழைய பெயர்தான் தொங்குகிறது.

ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. தென்கொரியாவில் 2014-ல் 18 பேருக்கு 1 கோடி, 5 கோடி, 10 கோடி என்று மூன்று அளவில் வளர்ப்புச் செல் போட்டார்கள். தெளிவான முன்னேற்றம் 10 கோடிக் குழுவில். ஐரோப்பாவில் 2016-ல் வேறு 18 பேருக்கு 20 லட்சம், 1 கோடி, 5 கோடி என்று போட்டபோது குறைந்த அளவுக் குழுதான் நன்றாகத் தேறியது. “எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது” என்பது இன்னும் நிரூபணமாகாத பேச்சு. 2023-ல் தென்கொரியாவில் 261 பேரை வைத்து நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில், ஆறாம் மாதத்தில் வலியும் இயக்கமும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட மேம்பட்டன. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பைப் பார்த்தபோது இரு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 475 பேரிடம் மஜ்ஜைச் செறிவு, எஸ்.வி.எஃப், தொப்புள்கொடி செல் ஆகிய மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை முந்தவில்லை. அமெரிக்க மூட்டழற்சி மருத்துவர் கல்லூரியின் 2019 வழிகாட்டி, முழங்கால், இடுப்புத் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசி வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. தயாரிப்புக்குத் தயாரிப்பு சரக்கு மாறுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் போட்டுக்கொள்ள நியாயம் உண்டா? உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மருந்து எல்லாம் முறையாகப் பார்த்தும் போதாமல், மூட்டு மாற்று அறுவைக்கும் இன்னும் நேரம் வராமல் நடுவில் நிற்பவருக்கு உண்டு. அவர்கூட “சில மாதம் முதல் ஓராண்டு, இரண்டாண்டு வலி குறையலாம், குறையாமலும் போகலாம்” என்ற கணக்கோடு போக வேண்டும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததாக இருக்க வேண்டும். படுத்து எடுத்த படத்தில் மூட்டில் பாரம் இறங்காது; முழுக்கத் தேய்ந்த மூட்டுகூட இடைவெளியோடு நல்ல மூட்டு போலக் காட்டும். நேராக நின்று ஒன்று, முழங்காலை 45 பாகை மடக்கி நின்று ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழங்கால் சில்லுக்குத் தனியாக ஒன்று. கால் வளைந்திருந்தால் இடுப்பு முதல் கணுக்கால் வரை ஒரே நீளப் படமும் வேண்டும்.

தேய்மானத்தை கெல்கிரென்–லாரன்ஸ் அளவையில் 0 முதல் 4 வரை பிரிப்பார்கள். இந்த ஊசிக்கு ஏற்ற இடம் 2-உம் 3-உம். 4 என்றால் எலும்போடு எலும்பு உரசுகிறது. அங்கே செல் போடுவது உப்புநீர் போடுவதற்குச் சமம் என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கும், ஆனால் பணமும் நாளும் வீணாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கால் வில்லாக வளைந்து பாரம் முழுக்க உள்பக்கமே விழுகிறதென்றால், வளைவைச் சரிசெய்யாமல் ஊசி மட்டும் போட்டுப் பயனில்லை. ஜவ்வு கிழிந்து மூட்டு அடிக்கடி பூட்டிக்கொண்டால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

வலி மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறதா என்பதும் முக்கியம். இடுப்பு மூட்டின் தேய்மானம் முழங்காலில் வலியாகத் தெரிவது உண்டு. முழங்காலின் உள்பக்கத்தில், மூட்டுக் கோட்டுக்கு மூன்று நான்கு விரல் கீழே தொட்டால் வலித்தால், அது தசைநாருக்கு அடியில் உள்ள நீர்ப்பையின் அழற்சியாக இருக்கலாம். மூட்டுக்குள் என்ன போட்டாலும் அது அடங்காது. சந்தேகமானால் மூட்டுக்குள் சிறிது உணர்விழப்பு மருந்து போட்டுப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்துக்காவது வலி போகவில்லை என்றால் வலியின் ஊற்று வேறிடம். ஆனால் இந்தச் சோதனையைச் செல் ஊசிக்குச் சில வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

உடலில் எங்காவது தொற்று, நடப்பில் உள்ள அல்லது அண்மையில் குணமான புற்றுநோய், கட்டுப்படாத சர்க்கரை, ரத்தம் உறைவதில் கோளாறு, கர்ப்பம், முடக்குவாதம் போன்ற அழற்சி மூட்டுநோய்: இவை இருந்தால் வேண்டாம். மிக ஒல்லியானவருக்குப் போதிய கொழுப்பு தேறாது; வயிற்றை விட்டு இடுப்பின் பக்கவாட்டிலோ தொடையிலோ தேட வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

மூன்றில் எது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடுத்து அனுமதி. வளர்ப்புச் செல்லைப் பல நாடுகள் மருந்தாகவே கருதுகின்றன. உரிமமோ ஆய்வு அனுமதியோ இல்லாமல் போட முடியாது. என்சைம் போட்ட எஸ்.வி.எஃப்பையும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருந்து என்கிறது; 2024 செப்டம்பரில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. “எங்கள் ஆய்வு பதிவு செய்யப்பட்டது” என்று ஒரு எண்ணைக் காட்டுவார்கள். பதிவேட்டில் ஏற்றுவது வேறு, கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேறு. முதலாவதை யாரும் செய்யலாம். அனுமதிக் கடிதத்தையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள்.

வளர்ப்புச் செல் என்றால் அந்தத் தொகுப்புக்கான சான்றிதழ் வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை: உயிருள்ள செல்லின் விகிதம், பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் புகும் நுண்கிருமி) இல்லை என்ற முடிவு, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) அளவு, எத்தனையாவது தலைமுறை வளர்ப்பு, செல் அடையாளம். அடையாளத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல் 2006-ல் வந்தது. செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளக் குறிகளான சி.டி.73, சி.டி.90, சி.டி.105 ஆகியவை 95 சதவீதச் செல்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சி.டி.45 போன்ற ரத்தச் செல் குறிகள் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எஸ்.வி.எஃப்புக்கு இவ்வளவு விரிவான சோதனைக்கு நேரம் இல்லை. ஆனாலும் மொத்த எண்ணிக்கையும், 70 சதவீதத்துக்கு மேல் உயிருள்ளவை என்ற எண்ணும் அன்றே கிடைக்கும்.

ஒரே ஊசியை மூட்டுக்கும் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் முதுகுத்தண்டுக்கும் போடுகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். வயிற்றுக் கொழுப்பின் செல்களைக் கண்ணுக்குள் போட்டதில் மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்த செய்தி 2017-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது.

ஊசிக்கு முந்தைய வாரங்கள்

அதே மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் ஆறு வாரமாவது, முடிந்தால் மூன்று மாதம் இடைவெளி விடுங்கள். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை ஒன்று முதல் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். ரத்தக் கசிவுக்காகவும், செல்லின் வேலையை அழற்சி அடக்கிகள் கெடுக்கலாம் என்ற எண்ணத்திலும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. இதயத்துக்கோ மூளைக்கோ அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்ல வேண்டும். புகையை நான்கு வாரம் முன்பே விடுங்கள்.

இந்த வாரங்களில் செய்யக்கூடிய பெரிய காரியம் தொடைத் தசையைப் பலப்படுத்துவது. ஊசிக்குப் பின் சில நாள் கால் ஓய்வில் இருக்கும். முன்பே பலவீனமான தசை மேலும் சுருங்கிவிடும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் இறங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். எந்தச் செல்லாலும் செய்ய முடியாத வேலை இது.

வலி மதிப்பெண்ணையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். முழங்கால் வலியையும் இயக்கத்தையும் மதிப்பெண்ணாக்கும் வோமாக் அல்லது கூஸ் வினாத்தாளை நிரப்பி, தேதி போட்டு, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து “முன்பு எப்படி இருந்தது” என்று நினைவிலிருந்து சொல்வது நம்பத்தக்கதல்ல. செலவு செய்த மனம் பழைய வலியைப் பெரிதாக்கிச் சொல்லும்.

கொழுப்பு எடுக்கும் நாள்

எடுக்கும் இடத்தை மரத்துப்போக வைக்க டியூமெசென்ட் கரைசல் போடுவார்கள். ஜெஃப்ரி கிளைன் 1987-ல் எழுதிய முறை இது. ஒரு லிட்டர் உப்புநீரில் லிடோகைன் 500 முதல் 1000 மி.கி., அட்ரினலின் 1 மி.கி., சோடியம் பைகார்பனேட் 10 மில்லி ஈக்விவலென்ட். பைகார்பனேட் சேர்ப்பது எரிச்சல் குறைய. அட்ரினலின் ரத்தநாளம் சுருங்க. லிடோகைன் மொத்த அளவுக்கு உச்சவரம்பாகப் பரவலாகக் கொள்வது உடல் எடையில் கிலோவுக்கு 35 மி.கி. ஐம்பது, நூறு மி.லி. கொழுப்புக்கு அந்த வரம்பின் பக்கத்திலேயே போக வேண்டியிராது.

கரைசலைப் போட்டதும் அவசரப்படக் கூடாது. 20 நிமிடமாவது காத்திருந்தால் தோல் வெளுக்கும். அட்ரினலின் வேலை செய்துவிட்டது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். காத்திருக்காமல் எடுத்தால் சிரிஞ்ச் சிவப்பாக வரும். ரத்தம் கலந்த கொழுப்பை அலச இரண்டு மடங்கு நேரம் ஆகும். கிடைக்கும் செல்லும் குறையும்.

அடிவயிற்றில் 3 மி.மீ. அளவுக்கு ஒரு சிறு கீறல் போட்டு, 2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள மழுங்கிய முனைக் கானுலாவை (உறிஞ்சு குழாயை) நுழைத்து, 10 அல்லது 20 மி.லி. சிரிஞ்சை வைத்துக் கையாலேயே இழுப்பதுதான் நல்லது. பிஸ்டனை ஒரேயடியாகக் கடைசி வரை இழுத்து மாட்டிவிட்டால் உள்ளே உறிஞ்சும் அழுத்தம் ஏறி செல்கள் உடையும். இரண்டு மூன்று மி.லி. அளவுக்கு மட்டும் இழுத்துப் பிடித்து, முன்னும் பின்னும் விசிறி போல ஓட்ட வேண்டும். அழகுக்காகச் செய்யும் லைபோசக்‌ஷன் இயந்திரம் இந்த வேலைக்குத் தேவையில்லை. கானுலா எப்போதும் தோலுக்கும் தசைக்கும் இடையிலேயே ஓட வேண்டும். இன்னொரு கை வெளியிலிருந்து அதன் நுனியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வயிற்றில் பழைய அறுவைத் தழும்போ குடலிறக்கமோ இருந்தால் அந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். குடலில் குத்திவிடும் அபாயம் அங்கேதான்.

நுண்துணுக்குக் கொழுப்புக்கு 30 முதல் 100 மி.லி., எஸ்.வி.எஃப்புக்கு 50 முதல் 200 மி.லி. எடுப்பார்கள். வளர்ப்புக்கு 10, 20 மி.லி.யே போதும், ஆய்வகம் பெருக்கிக்கொள்ளும்.

சிரிஞ்சிலிருந்து மூட்டு வரை

எடுத்த கொழுப்பைச் செங்குத்தாக நிறுத்தினால் பத்து நிமிடத்தில் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே எண்ணெய், நடுவே கொழுப்பு, கீழே ரத்தம் கலந்த நீர். வேண்டியது நடு அடுக்கு மட்டும். அதை உப்புநீர் அல்லது ரிங்கர் லாக்டேட்டில், வடியும் நீர் தெளியும் வரை அலச வேண்டும். இது சுத்தத்துக்காக மட்டும் இல்லை. கரைசலில் வந்த லிடோகைன் ஸ்டெம் செல்லுக்கே விஷம். அலசலில் சோம்பல் பட்டால் அடுத்த படியில் உயிருள்ள செல் விகிதம் சரிந்து நிற்கும்.

எஸ்.வி.எஃப் தயாரிக்கும்போது அலசிய கொழுப்புக்குச் சம அளவு 0.075 முதல் 0.1 சதவீதக் கொலாஜினேஸ் கரைசல் சேர்த்து, 37 பாகை செல்சியஸில் 30 முதல் 60 நிமிடம் மெதுவாக ஆட்ட வேண்டும். நேரம் குறைந்தால் கட்டி கட்டியாக நிற்கும். கூடினால் செல்லின் மேற்புறப் புரதங்களை என்சைம் அரித்துவிடும். பிறகு 300 முதல் 500 ஜி (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு) விசையில் ஐந்து முதல் பத்து நிமிடம் சுழற்றினால் முதிர்ந்த கொழுப்புச் செல்கள் மிதக்கும், தேவையானது அடியில் படியும். படிவை இரண்டு மூன்று முறை அலசி, 100 மைக்ரானிலும் 40 மைக்ரானிலும் வடிகட்டி, 3 முதல் 5 மி.லி. கரைசலில் கலக்குவார்கள். என்சைம் மிச்சம் மூட்டுக்குள் போகக் கூடாது. கொலாஜினேஸ் அரிப்பது கொலாஜனை. குருத்தெலும்பின் சட்டகமே கொலாஜன்தான். கடைசி அலசல்கள் அதற்காக.

எண்ணுவதில்தான் ஏமாற்று எளிது. சிவப்பணு, எண்ணெய்த் துளி, உடைந்த துகள் எல்லாவற்றையும் தானியங்கி எண்ணி செல்லாகக் காட்டிவிடும். உட்கருவில் ஒட்டும் சாயம் போட்டு எண்ணினால்தான் எண் நிற்கும்.

வளர்ப்புச் செல் உறைநிலையில் வந்தால், உருக்கிய பின் நிமிடக் கணக்கு. உறைய வைக்கச் சேர்த்த டி.எம்.எஸ்.ஓ. என்ற வேதிப்பொருள் அறை வெப்பநிலையில் செல்லுக்கு நல்லதல்ல. அன்று எத்தனை மணிக்கு உருக்கினார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பது குறிப்பில் இருக்க வேண்டும்.

மூட்டில் நீர் கோத்திருந்தால் முதலில் அதை வடிக்க வேண்டும். இல்லையேல் செல் நீர்த்துப்போகும். முழங்கால் சில்லின் மேல் வெளிப்பக்க மூலை வழியாக, அல்ட்ராசவுண்டில் ஊசி நுனியைப் பார்த்துக்கொண்டே போடுவது நல்ல பழக்கம். பார்க்காமல் போடும் ஊசிகளில் ஒரு பகுதி மூட்டுக்கு வெளியே கொழுப்பிலும் சவ்விலும் இறங்கிவிடுகிறது. நுண்துணுக்குக் கொழுப்பு கெட்டியானது. 18, 19 கேஜ் தடித்த ஊசி வேண்டும். எஸ்.வி.எஃப், வளர்ப்புச் செல் அதைவிட மெல்லிய 21, 22-இல் போகும். செல்கள் சிரிஞ்சின் அடியில் படியும் இயல்பு உள்ளவை. போடுவதற்குச் சற்று முன் சிரிஞ்சை மெதுவாக இரண்டு மூன்று முறை தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். குலுக்கக் கூடாது.

இனி அந்தக் காரணம்: உணர்விழப்பு மருந்தைத் தோலுக்கு மட்டும் போட வேண்டும். லிடோகைனும் பியூபிவகைனும் மூட்டுக்குள் போனால் புதிதாகப் போடும் செல்லையும், ஏற்கெனவே உள்ள குருத்தெலும்புச் செல்லையும் சேர்த்துக் கொல்லும். வலிக்காமல் இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்து போடுவது செலவழித்ததைக் கையாலேயே அழிப்பது.

முதல் இரண்டு வாரம்

அன்றிரவும் மறுநாளும் மூட்டு வீங்கி, கனத்து, முன்பைவிட அதிகமாக வலிக்கலாம். இரண்டு மூன்று நாளில் தணிய ஆரம்பிக்கும்; சிலருக்கு இரண்டு வாரம் இழுக்கும். பாராசிட்டமால், துணி சுற்றிய பனிக்கட்டி ஒரு தடவைக்கு 15 நிமிடம், காலை உயர்த்தி வைப்பது: இவை போதும். டைக்ளோஃபினாக் வகையைத் தொடாமல் நான்கு முதல் ஆறு வாரம் தள்ளச் சொல்வார்கள். ஊன்றுகோல் இரண்டு மூன்று நாள்.

சொல்லப்போனால் மூட்டைவிட வயிறுதான் அதிகம் தொந்தரவு தரும். கொழுப்பு எடுத்த இடம் கன்றி நீலமாகி, பிறகு மஞ்சளாகி, கொஞ்சம் கீழே இறங்கி இடுப்பிலும் தொடையிலும் தெரியும், பயப்பட வேண்டாம். இறுக்கமான வயிற்றுப்பட்டி ஒன்று முதல் இரண்டு வாரம். முதல் நாள் இளஞ்சிவப்பு நீர் கசிவது டியூமெசென்ட் கரைசல் வெளியேறுவதுதான். அடியில் கட்டிகட்டியாகத் தட்டுப்படுவது ஓரிரு மாதத்தில் கரையும். கீறல் மூடும் வரை தொட்டியிலோ குளத்திலோ இறங்காதீர்கள்.

மருத்துவமனைக்கு அன்றே ஓட வேண்டிய அறிகுறிகள் வேறு. 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல். குறைந்து வந்த வலி மூன்றாம் நாளுக்குப் பிறகு திடீரென ஏறுவது. மூட்டு சிவந்து சூடாகி, ஒரு பாகைகூட மடக்க முடியாமல் போவது. மூட்டுக்குள் தொற்று அரிது. ஆனால் வந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அழித்துவிடும். அங்கே முதல் வேலை மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பது. அதற்கு முன் ஆன்டிபயாடிக் மாத்திரையை வீட்டிலேயே விழுங்கினால் கிருமி எது என்பது மறைந்துவிடும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ ரத்த உறைவைச் சந்தேகிக்க வேண்டும். வயிறு பாறை போல் இறுகிக் கடுமையாக வலித்தால் எடுத்த இடத்தில் உள்ளே காயம் பட்டிருக்கலாம்.

அதன் பிறகு

மூன்றாம் நாளிலிருந்து படுத்தபடி தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது, காலை நேராக உயர்த்துவது. இரண்டாம் வாரம் எதிர்ப்பு இல்லாத நிலைச் சைக்கிள். நான்காவது வாரத்திலிருந்து எடையோடு பயிற்சி, அரைக் குந்தல். ஓட்டம், குதிப்பு, பாரம் தூக்கிப் படியேறுவது மூன்று மாதம் வரை வேண்டாம். பயிற்சிக்கு மறுநாள் காலையிலும் வீக்கம் நின்றால் ஒரு படி பின்னே போங்கள்; அன்றைக்கே அடங்கினால் சரியான அளவு.

முன்னேற்றம் தெரிய நான்கு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். முதல் வாரத்திலேயே “பறந்துபோன” வலியை நம்ப வேண்டாம். ஊசி என்ற காரியமே, உள்ளே உப்புநீர் போனாலும், முழங்கால் வலியைக் கணிசமாகக் குறைக்கும் என்பது ஆய்வுக்கு ஆய்வு தெரிகிற ஒன்று. மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் அதே வினாத்தாளை நிரப்பி முன்பு வைத்த பிரதியோடு பாருங்கள். பத்துக்கு இரண்டு வலி எண் குறைந்திருந்தால், அல்லது நூறில் கூஸ் பத்துப் புள்ளி ஏறியிருந்தால், மாற்றம் மெய். அதற்குக் கீழே என்றால் நாளுக்கு நாள் வரும் ஏற்றத்தாழ்வு. எம்.ஆர்.ஐ.யில் முன்னேற்றம் தெரிகிறதா என்று மூன்றாம் மாதமே படம் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடலாம். மேலே சொன்ன 261 பேர் ஆய்வில்கூட ஆறாம் மாதத்தில் அங்கே எதுவும் தெரியவில்லை.

ஆறு மாதமாகியும் அசைவில்லை என்றால் “இன்னொரு டோஸ்” என்ற பேச்சு வரும். ஒப்புக்கொள்ளும் முன் மூன்றைத் திரும்பப் பாருங்கள்: முதல் ஊசியின் செல் எண்ணிக்கையும் உயிருள்ள விகிதமும் எழுத்தில் உள்ளதா, ஊசி மூட்டுக்குள் இறங்கிய அல்ட்ராசவுண்ட் படம் இருக்கிறதா, இப்போது நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் தேய்மானம் 4-ஐ எட்டிவிட்டதா. முதல் இரண்டும் சரியாக இருந்தும் பலனில்லை என்றால், அதே சரக்கை அதே மூட்டில் மறுபடி போட வலுவான காரணம் இல்லை. 4-ஐ எட்டிவிட்டால் பேச வேண்டியது மூட்டு மாற்று நிபுணரோடு. அவரிடம் செல் ஊசி போட்ட தேதியைச் சொல்ல மறக்காதீர்கள்: ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் தொற்று கூடுகிறது என்பதால், மூட்டுக்குள் போடும் எந்த ஊசிக்கும் அதே மூன்று மாத இடைவெளியைத்தான் பலரும் கேட்கிறார்கள்.